இடக்கைக்காரிக்கு ஒரு சிறு துப்பாக்கி

ட்வின் ஃபால்ஸ், ஐடஹோ

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆரிகன் மாநிலத்தின் ஹார்னி மாவட்டத்தில் நீ குத்தகைக்கு எடுத்திருக்கும் குதிரைமசால் தீவன வயலில், தரை அணில்கள் பனி கரையுமுன்பே வளையைவிட்டுக் கிளம்பிவிட்டன என்றும், முதல் அறுப்புக்குள் ஓரப்பாத்திகளை மொட்டையடித்துவிடும் போலிருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். அப்பாவிடம் இருப்பதைப் போன்ற, .17 ரெமிங்டன் தோட்டா (குண்டின் விட்டம் ஏறக்குறைய 0.17 அங்குலம்) போடும் துப்பாக்கி ஒன்றை, ஆனால் இடக்கைக்கு ஏற்ற போல்ட் (தோட்டாவை ஏற்றி இறக்கும் கைப்பிடித் தண்டு) உள்ளதாக, எங்கே வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறாய். அதை வாங்காதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் துப்பாக்கியை நான் குறை சொல்லவில்லை. 1971-இல் ரெமிங்டன் நிறுவனத்தார் அந்தத் தோட்டாவைக் கொண்டுவந்தபோது, ஒன்றரை கிராமைச் சற்றே தாண்டும் 25 கிரெய்ன் குண்டை நொடிக்கு 4,000 அடிக்கு மேல் ஓடவிட்டார்கள். பின்னுதைப்பு இல்லையென்றே சொல்லலாம். குண்டு பட்ட இடத்தை, மேலே பொருத்திய தொலைநோக்கியான ஸ்கோப்பின் வழியே சுட்டவரே பார்த்துவிட முடியும். கொயோட்டி என்ற காட்டு நாயின் தோலில் ஊசி குத்தியதுபோல ஓர் ஓட்டை விழும், பெரும்பாலும் மறுபக்கம் வெளியேறாது. ஆனால் அதற்கான தோட்டாவை ஆலைகள் எப்போதாவது ஒரு கொத்தாகச் செய்துவிட்டு, அது தீரும்வரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. 2021 வசந்தத்தில் நாடெங்கும் தோட்டாத் தட்டுப்பாடு இருந்தபோது, நான்கு ஊர்க் கடைகள் ஏறி இறங்கி வெறுங்கையோடு திரும்பினேன். வீட்டில் இருந்த மூன்று பெட்டிகளையும் சமையலறை மேசையில் கொட்டி எண்ணினேன், அறுபது இருந்தன. அணில் ஒன்றுக்குத் தோட்டா ஒன்று என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு போனால், ஸ்னேக் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து வரும் காற்று அந்தக் கணக்கை மதிக்கவில்லை. அவ்வளவு இலேசான குண்டை அது கைவிரல் அகலத்துக்குத் தள்ளிவிட்டால் போதும், அணில் வளைக்குள் இறங்கிவிடும். மூன்றாம் நாள் பெட்டி காலி.

இடக்கைப் பிரச்சினை அதற்கும் மேலே. பன்னிரண்டு வயதில் நீ என் துப்பாக்கியின் பின்னால் குப்புறப் படுத்து, சுட்டு முடித்ததும் இடக்கையை ஸ்கோப்புக்கு மேலாக வளைத்து வலப்பக்கத்து போல்ட்டைத் தேடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் கன்னம் துப்பாக்கிக் கட்டையைவிட்டு எழும்பும், குறி கலையும், மறுபடி அந்த அணிலைக் கண்டுபிடிப்பதற்குள் அது போயிருக்கும். சிறு உள்விட்டத் துப்பாக்கிகளே சில மாதிரிகள்தாம் வருகின்றன. அவற்றில் இடக்கைக்கென்று செய்வது அதிலும் சொற்பம். உன்னைப் போன்ற இடக்கைக்காரரான என் நண்பர் ஒரு கடையில் முன்பணம் கட்டி, பதினான்கு மாதம் காத்திருந்து, கடைசியில் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார்.

.17 ஹார்னெட் தோட்டாவையும் நீ எண்ணிப் பார்த்திருப்பாய். 2012-இல் வந்தது, 20 கிரெய்ன் குண்டு, நொடிக்கு 3,650 அடி. கொஞ்சம் வெடிமருந்தே போதும், சத்தமும் குறைவு, இருநூறு கெஜத்துக்குள் நிற்கும் தரை அணிலுக்கு அதைவிட அழகான தோட்டா எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பொருத்தமாக அமைந்திருந்த செக் நாட்டு சிஇசட் 527 துப்பாக்கியின் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். அழகுக்காகப் பழைய கதையை மறுபடியும் தொடங்க வேண்டாம்.

நான் சொல்வது .204 ரூகர் தோட்டா. 2004-இல் தோட்டா நிறுவனமான ஹார்னடியும் துப்பாக்கி நிறுவனமான ரூகரும் சேர்ந்து, .222 ரெமிங்டன் மேக்னம் என்ற தோட்டாவின் கூட்டுக் கழுத்தைச் சுருக்கிச் செய்தார்கள். 32 கிரெய்ன் குண்டு நொடிக்கு 4,225 அடி என்பது பெட்டியில் அச்சிட்ட கணக்கு. குழலின் நீளத்தைப் பொறுத்துக் கொஞ்சம் குறையும். 40 கிரெய்ன் 3,900 அடி. காற்றடிக்கும் நாளில் இதைத்தான் போட வேண்டும். இந்தக் குண்டுகள் மண்ணில் பட்டதும் தூள்தூளாகிவிடும்; சிறிய .22 ரிம்ஃபயர் தோட்டாவின் குண்டைப் போலக் கல்லில் பட்டுத் தெறித்துப் பக்கத்து மேய்ச்சலுக்குப் போகும் வாய்ப்பு குறைவு. ஆனாலும் பின்னால் மண்மேடு இல்லாமல் சுடாதே. இடக்கை போல்ட்டுடன் .204-இல் சாவேஜ் 12 துப்பாக்கி கனத்த குழலோடும், ரூகர் அமெரிக்கன் பிரிடேட்டர் அதைவிட மெல்லிய குழலோடும் வந்திருக்கின்றன. நீ நடந்து சுடப்போவதில்லை, வண்டிப் பலகையில் சாய்த்துத்தான் சுடுவாய்; ஆகவே கனம் உனக்குச் சுமையல்ல. அணில் சுடுவதில் தோட்டாவைவிடக் குழல்தான் முதலில் களைத்துப்போகும். குழலில் விரலை வைத்து ஐந்து எண்ணும்வரை பொறுக்க முடியவில்லை என்றால், போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு ஒரு காப்பி குடி. சூடு தணியாமல் அடித்துக்கொண்டே போனால், இவ்வளவு வேகமான தோட்டா குழலுக்குள் இருக்கும் புரிகளின் தொடக்கத்தைச் சீக்கிரம் அரித்துவிடும்.

தோட்டா எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் வாதம் என்றால் .223 தோட்டாவைச் சொல்ல வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி, உன் அம்மாவும் அதையேதான் கேட்டாள். .223-இல் இடக்கை மாதிரிகளும் அதிகம், எந்த ஊர்க் கடையிலும் தோட்டா இருக்கும். ஆனால் பின்னுதைப்பில் ஸ்கோப் துள்ளுவதால், குண்டு எங்கே பட்டது என்பதைப் பல நேரம் பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டியிருக்கும். தனியாகச் சுடும் உனக்கு அது பெரிய இழப்பு. இருந்தாலும், ஏப்ரலுக்குள் .204 கிடைக்கவில்லை என்றால் தயங்காமல் .223-ஐ எடுத்து, 40 கிரெய்ன் குண்டைப் போட்டுக்கொள். ஜூலை, ஆகஸ்டில் அணில்கள் மறுபடி உறங்கப் போய்விடும். அவை உனக்காகக் காத்திருக்காது.

இன்னொன்று: சுட்ட அணிலைத் தின்னப் பருந்தும் கழுகும் வரும், வயிற்றுக்குள் போகும் ஈயத்தூள் அவற்றைக் கொல்லும். .204-க்கு 24 கிரெய்னில் ஈயமில்லாத குண்டும் உண்டு. ஒன்றிரண்டு பெட்டி வாங்கி, உன் குழல் அதை எவ்வளவு நெருக்கமான குழுவாக அடிக்கிறது என்று நூறு கெஜத்தில் பார்.

துப்பாக்கியை எடுக்குமுன் கடையிலேயே ஒரு ஸ்கோப்பை மாட்டித் தரச் சொல்லி, தோளில் வைத்து, கண்ணை மூடி, திறந்து பார். ஸ்கோப் நேராகத் தெரியவில்லை என்றால் கட்டை உனக்குப் பொருந்தவில்லை. ஸ்கோப்பை வாங்கவேண்டாம், என்னுடையதைக் கழற்றி எடுத்து வருகிறேன். துடைக்கும் கம்பியை மட்டும் .20 அளவில் ஒரே துண்டாக வாங்கி வை, என் .22 கம்பி அந்தக் குழலுக்குள் நுழையாது.

அன்புடன்,
அப்பா