பெய்ராவுக்குக் கிளம்பும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று போனில் நீ பேரிடர் வேலைக்கு ஆப்பிரிக்காவில் மொசாம்பிக்கின் பெய்ராவுக்குப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள், அதற்குப் பிறகு நான் சொல்ல நினைத்த எதையும் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்த நீளமான மெயில். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ டாக்காவுக்குப் போனபோதும் இப்படித்தான் அழுதாள், அப்புறம் நம் ஊர் மழை நிலவரத்துக்கு முன்னால் அந்த ஊர் நிலவரத்தை டிவியில் தேடியதும் அவள்தான். நீ போ. எனக்கு இதில் முழுச் சம்மதம், பெருமையும்கூட.

ராத்திரி உட்கார்ந்து பெய்ராவைப் பற்றிப் படித்தேன். ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஒரு துறைமுக ஊர், தாழ்ந்த தரை, நாகப்பட்டினம் பக்கத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் படமே பழகிய இடம் மாதிரிதான் தெரிகிறது. 2019 மார்ச் 14 ராத்திரி இடாய் புயல் அங்கே கரையேறியிருக்கிறது. காற்றில் ஊர் சிதைந்த பிறகு புங்வே, பூசி இரண்டு ஆறும் பெருகி உள்நாட்டையே கடலாக்கிவிட்டன. மொசாம்பிக்கில் மட்டும் 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள், ஜிம்பாப்வே, மலாவியையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. மக்காச்சோளம் அறுவடைக்கு நின்ற நேரமாம் அது. அந்த ஒரு வரியில் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. விதை, உரம், கூலி, வட்டி எல்லாவற்றையும் வயலுக்குள் போட்டாகிவிட்டது, இனி எடுக்க வேண்டியதுதான் பாக்கி என்கிற வாரத்தில் முழுகுவது என்றால் என்னவென்று நம் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு விஷயம், நீ படித்தவள், உனக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன். அங்கே புயல் நம் ஊர்ப் புயலுக்கு எதிர்ப்பக்கமாகச் சுழலும். நமக்கு முதலில் வடக்கேயிருந்து அடிக்கும், கண் கடக்கும்போது கொஞ்ச நேரம் ஓய்ந்து கிடக்கும், அப்புறம் தெற்கேயிருந்து திருப்பி அடிக்கும். அங்கே முதலில் தெற்கு, பிறகு வடக்கு. 2018-ல் நம் பக்கம் கஜா புயல் அடித்த அன்றைக்கு அந்த ஓய்வை நம்பி, புயல் விட்டுவிட்டது, மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று முகாம் வைத்திருந்த பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே இறங்கியவர்களை நாங்கள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தோம். இந்த மாதிரிச் செய்தியை அந்த ஊர்ப் பாட்டிக்குப் புரிகிற பேச்சில் சொல்ல ஆள் பிடி. சேனாவும் ந்தாவும் பேசுகிற கிராமத்துக்குப் போர்த்துகீசிய மொழியில் மட்டும் எச்சரிக்கை அனுப்பினால் அது யாருக்குப் போய்ச் சேரும்?

எச்சரிக்கை விஷயத்தில் உலகம் நிஜமாகவே முன்னேறியிருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒடிசாவில் 1999 அக்டோபர் சூப்பர் புயலில் கிட்டத்தட்ட 10,000 பேர் செத்தார்கள். 2013-ல் பைலின் வந்தபோது அதே மாநிலம் 10 லட்சம் பேர் அளவுக்கு முன்கூட்டியே வெளியேற்றியது, இறப்பு சில பத்துகளோடு நின்றது. நீ இருக்கிற வங்கதேசத்தைப் பார், 1970 போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர், 1991-ல் 1,38,000 பேர், 2007 சிதர் புயலில் மூவாயிரத்துச் சொச்சம். பணக்கார நாடாக மாறிவிட்டு அவர்கள் இதைச் செய்யவில்லை. ஊர் ஊராகத் தொண்டர்களைச் சேர்த்து, கொடியையும் மெகாபோனையும் சைக்கிளையும் கொடுத்து, அந்தந்த ஊர் ஆளே அந்தந்த ஊர்க் கதவைத் தட்டும்படி செய்தார்கள். மாட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றவர்களுக்காக மாடு ஏறி நிற்க மண்மேடே போட்டிருக்கிறார்கள் என்று நீதான் போட்டோ அனுப்பினாய், கில்லா என்று பேர் சொன்னாய். அதை யோசித்தவர் யாரோ, அவருக்குக் கிராமத்து வீடு எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

நம்மிடமும் கஜாவில் அது ஓரளவு நடந்தது. 2018 நவம்பர் 16 நள்ளிரவுக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியபோது 80,000 பேருக்கு மேல் முகாமில் இருந்தார்கள். டிவியில் இரண்டு நாளாக ரெட் அலர்ட் என்று ஓடிக்கொண்டிருந்தும் நகராத வீடுகள், எங்கள் தலையாரி, அதாவது கிராம உதவியாளர், வாசலில் போய் நின்று ‘பெரியம்மா, கிளம்பு, பேரனை நான் தூக்கிக்கிறேன்’ என்று சொன்னதும் கிளம்பின. அவர் அந்த ஊர் வீடுகளில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் போய் நின்றவர். அந்த நம்பிக்கையைப் புயல் வருகிற வாரத்தில் உண்டாக்க முடியாது பாப்பா.

ஆனால் விடிந்த பிறகு நடந்ததுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தோப்பு தோப்பாகத் தென்னை விழுந்து கிடந்தது, மின்கம்பம் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் சாய்ந்தது, சில ஊர்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்து, வீட்டு மோட்டாரை ஓட்டித் தொட்டியில் தண்ணீர் ஏற்றிவிடக் காசு வாங்கினார்கள். உனக்கும் அது ஞாபகம் இருக்கும். அந்த நிலைமையில் நோட்டைத் தூக்கிக்கொண்டு நாங்கள் சேதக் கணக்கு எடுக்கப் போனோம். பேரிடர் மேலாண்மை என்று நீ படித்த பாடத்தில் இந்த நோட்டுக்கு எவ்வளவு இடம் கொடுத்தார்களோ தெரியாது, என் கண்ணுக்கு எல்லாமே அதில்தான் இருக்கிறது. அதில் பேர் இருந்தால் நிவாரணம், இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்துக்குப் புயலே வரவில்லை என்று அர்த்தம்.

யார் பேர் விட்டுப்போகும் என்று சொல்கிறேன் கேள். குடும்ப அட்டை ஒன்று, அடுப்பு இரண்டு. மகனுக்குக் கல்யாணமாகிப் பக்கத்திலேயே தனிக் குடிசை போட்டிருப்பான், கார்டு அப்பன் பேரில் இருக்கும், இரண்டு கூரையும் பறந்தால் ஒரு கூரைக்குத்தான் கணக்கு. புறம்போக்கில் இருப்பவருக்கு வீடு விழுந்ததைச் சொல்லவே பயம், சொன்னால் இடத்தைக் காலி செய்யச் சொல்வார்களோ என்று. தேங்காய் பறிக்கிறவர், மட்டை உரிக்கிறவர், கீற்று முடைகிற பெண்கள், இவர்களுக்குத் தோப்பும் இல்லை, விழுந்த மரமும் இல்லை. மரத்துக்குக் கணக்கு உண்டு, அந்த மரத்தை நம்பி இருந்த கூலிக்கு ஒரு வரிகூடக் கிடையாது. தென்னங்கன்று வைத்துக் காய்க்கிற வரைக்கும் வருஷக்கணக்கில் அவர்கள் எங்கே போவார்கள்? திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போனார்கள், பலர் திரும்பவே இல்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆறாதது குத்தகைக்காரர் விஷயம். நம் டெல்டாவில் கோவில் நிலம், மடத்து நிலம், ஊரை விட்டுப் போனவர்கள் நிலம் எவ்வளவு என்று உனக்குத் தெரியும். பயிர் 33 சதவீதத்துக்கு மேல் போனால் நிவாரணம் என்று விதி இருக்கிறது, நல்ல விதிதான். ஆனால் சிட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர் சென்னையில் இருப்பார். உழுது, நட்டு, களை எடுத்து, சேற்றில் சாய்ந்து கிடக்கிற பயிரைக் கண்ணால் பார்ப்பவர் வாய்மொழிக் குத்தகைக்காரர், அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்ய நம் மாநிலத்தில் 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. பதிந்தால் நிலமே கையை விட்டுப் போய்விடும் என்று உடையவர் பயப்படுவார், கேட்டால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காது என்று இவர் பயப்படுவார், நடுவில் புயல் வந்துவிடும். நான் அப்படிப்பட்டவர்களைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி மேலே அனுப்பினேன். படிவத்தில் இதற்கு இடம் இல்லை என்று ஓர் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன், நேரிலும் போனேன். சிலருக்குக் கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை.

இது கஜாவுக்கு மட்டும் ஆனதில்லை. 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள், அதில் பெண்களும் குழந்தைகளும் அதிகம். உலகமே உதவிக்கு ஓடி வந்தது, அந்த மனசை நான் குறை சொல்லவில்லை. ஆனால் யாருக்கும் வேண்டாத பழைய துணி லாரி லாரியாக வந்து ரோட்டோரம் குவிந்தது, தார் அட்டைக் கொட்டகையில் சனங்கள் சித்திரை வெயிலைக் கழித்தார்கள். உதவியை மீனவர் கிராமம் என்று வைத்துக் கணக்குப் போட்டதால், கடற்கரையை ஒட்டிய காலனியில் இருந்த விவசாயக் கூலிகளுக்கு அது தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. உப்புத் தண்ணீர் ஏறிய வயலில் மழைநீரைத் தேக்கித் தேக்கி வடித்து, ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது மண்ணை மீட்டார்கள், அது பெரிய சாதனை. அந்தக் காலம் முழுக்க நடவு இல்லாமல் போன பெண்களின் கூலியை யார் எழுதினார்கள்?

அதனால் என் கேட்பு ஒன்றுதான். போய் இறங்கியதும் அந்தப் பட்டியலைப் பிடி, புயலுக்கு முன்னாலேயே. யார் பேர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்று தேடிப் போ, அவர் வாசலில் உட்கார்ந்து முதலில் அவரிடம் பேசு. அங்கே புயல் காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, அது முடிந்து அடுத்தது தொடங்கும் வரை இருக்கிற வறண்ட மாதங்கள்தான் உன் வேலைக்காலம். எச்சரிக்கை எல்லோருக்கும் 2027-க்குள் கிடைக்க வேண்டும் என்று ஐ.நா. இலக்கு வைத்திருப்பதாகச் சொன்னாய், சந்தோஷம். 2020 ஜூலையில் வெள்ளம் உச்சத்துக்கு ஏறுவதற்கு முன்பே வங்கதேசத்தில் குடும்பங்களுக்குப் பணம் போனதையும் நீதான் சொன்னாய், கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏனென்றால் மாட்டை விற்காமல், வட்டிக்கு வாங்காமல் ஒரு வாரத்தைக் கடக்க அந்தப் பணம் போதும். ஆனால் வெள்ளத்துக்கு முன்னால் பணம் போக வேண்டுமென்றால் பேரும் அதற்கு முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும் இல்லையா?

வடிகாலையும் பார். எல்லோருக்கும் காற்றின் மேல்தான் கண். 2020 டிசம்பரில் புரெவி மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்து நின்றுவிட்டது, காற்று ஒன்றுமில்லை, மழை மட்டும் கொட்டோ கொட்டென்று கொட்டி சம்பாவை முழுக வைத்தது. கடைமடையில் நவம்பர், டிசம்பரில் பாசன வாய்க்காலைவிட வடிகால்தான் முக்கியம், அதில்தான் ஆகாயத்தாமரை அடைந்து கிடக்கும். தூர்வாரும் பணம் வருவது ஜூன் 12 மேட்டூர் திறக்கிற நேரத்தை ஒட்டி, வாய்க்காலுக்கே அது பற்றாது, வடிகாலுக்கு எங்கே மிஞ்சும்? முழுகினாலும் இரண்டு வாரம்போலத் தாங்குகிற சி.ஆர். 1009 சப்-1 மாதிரி நெல் ரகம் வந்திருக்கிறது, அது நல்ல வேலை. தண்ணீர் அதற்குமேல் நின்றால் அந்த ரகமும் என்ன செய்யும்? பெய்ராவில் இறங்கியதும் மழைத் தண்ணீர் எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது, அந்த வழியை இப்போது யார் அடைத்திருக்கிறார்கள் என்று நடந்தே போய்ப் பார்த்துவிடு.

அங்கே தாழ்வான இடத்து ஜனங்களை மேட்டுக்கு மாற்றினார்கள் என்றும் படித்தேன். வீடு மேட்டில் இருக்கும், வயல் பள்ளத்திலேயே இருக்கும். வயல் வேலைக்கு அவர்கள் இறங்கத்தான் செய்வார்கள், அதற்கு அவர்களைத் திட்டுகிற கூட்டத்தில் நீ சேராதே. ராத்திரி வயலிலேயே தங்கினால் அங்கே எச்சரிக்கைச் சேதி எப்படிப் போகும் என்று பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். மலேரியா இருக்கிற ஊர், இடாய்க்குப் பிறகு காலராவும் பரவியிருக்கிறது, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் அம்மா தயார் செய்கிறாள், லக்கேஜ் எத்தனை கிலோ என்று அவளுக்கே போன் செய்து சொல், பேச்சு நல்லபடியாக ஆரம்பிக்க அது உதவும்.

அந்த நாட்டில் நிலமெல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம், வழிவழியாக உழுது வருகிறவருக்குப் பத்திரம் இல்லாவிட்டாலும் அனுபவ உரிமை உண்டு என்று 1997 சட்டம் சொல்கிறதாமே. அப்படியானால் வயல் முழுகும்போது அந்த உழவர் பேரை யார் எழுதுகிறார்கள், எந்த நோட்டில் எழுதுகிறார்கள், புருஷன் ஊரில் இல்லாதபோது பெண்சாதி பேரை எழுதுகிறார்களா, இதையெல்லாம் விசாரித்து எனக்கு விவரமாக எழுது.

அன்புடன்,
அப்பா