கடைசிப் பக்கத்துச் சின்ன எழுத்து

பலெர்மோ, இத்தாலி

அன்பு மகளுக்கு,

சஞ்சிகை வந்து சேர்ந்தது. உறையைக் கிழிக்கவிடாமல் அம்மா கத்தரிக்கோல் கொண்டுவந்து ஓரமாக வெட்டினா. அட்டை வடிவாக இருக்கிறது. 128 பக்கம், பதினாறு பக்க மடிப்பு எட்டு, வெற்றுப் பக்கம் ஒன்றும் விழவில்லை. ஆனால் தைக்காமல் வெறும் பசையில் ஒட்டியிருக்கிறார்கள். கடதாசியின் நார் முதுகோடு சேர்ந்து மேலிருந்து கீழாக ஓடவேண்டும். இதில் குறுக்கே ஓடுகிறது. அதுதான் விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்கிறது. நூலகத்தில் நாலு பேர் கைபட்டால் தாள் கழன்று வரும். அச்சகக்காரரிடம் கேள், மலிவாகக் கிடைத்த தாளைத் திருப்பி வெட்டியிருப்பார்.

சிசிலிப் பசுங்கூடாரங்களில் தக்காளி பிடுங்குகிற ஆக்களைப் பற்றி நீ எழுதியது நல்ல கட்டுரை. கூலிச் சீட்டை வரிவரியாகப் பிரித்துக் காட்டிய இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். அதற்குப் பக்கத்தில் பெயர் போடாத அரைப்பக்கம் ஒன்று இருக்கிறதே, அது யார் எழுதியது?

கடைசிப் பக்கத்தையும் பார்த்தேன். எந்தச் சஞ்சிகையையும் நான் அங்கேயிருந்துதான் தொடங்குவேன் என்று உனக்குத் தெரியும். எங்கட வழக்கப்படி என்ர பெயர்தானே உனக்குக் குடும்பப் பெயர். பொறுப்பாசிரியர் என்ற சொல்லுக்கு எதிரே அதை வாசித்துக் காட்ட, அம்மா போய் விளக்கேற்றினா. அது என்ன பதவி என்று அவவுக்கு நான் விளக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கதைக்கும்போது நீயும் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் மாட்டேன். உனக்கென்று இல்லை, பொதுவாகச் சில விடயங்களை எழுதிவைக்கிறேன்.

1848இல், நீ இப்போது இருக்கிற தொரீனோவில், கார்லோ ஆல்பெர்த்தோ அரசர் அச்சுச் சட்டம் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு பத்திரிகையும் பொறுப்பு மேலாளர் ஒருவரைக் காட்டவேண்டும் என்றார். எழுதுகிறவர்கள் தப்பிக்கொள்ள, வழக்கு வந்தால் மறியலுக்குப் போகவென்றே கூலிக்கு ஆள் பிடித்து அந்தப் பெயரில் வைத்தார்கள். இன்றைய பொறுப்பாசிரியர் பதவி அந்த வழியில் வந்தது. 1948இன் 47ஆம் இலக்கச் சட்டம் அதை எல்லாப் பருவ இதழ்களுக்கும் கட்டாயமாக்கியது. 1963இன் சட்டம் பத்திரிகையாளர் பட்டியலில் பதிந்த ஆள்தான் வேண்டும் என்றது. பட்டியலில் இல்லாத பொடியள் சஞ்சிகை நடத்தினால் பதிந்த ஒருவரிடம் பெயர் கேட்பார்கள். ‘லோத்தா கொந்தீனுவா’ என்ற இடதுசாரிப் பத்திரிகைக்குத் திரைப்பட இயக்குநர் பசோலினி கொடுத்தார், அரசியல்வாதி மார்கோ பன்னெல்லா கொடுத்தார், பேராசிரியர் பியோ பால்தெல்லி கொடுத்தார். பொலிஸ் அதிகாரி கலாப்ரேசி அந்தப் பத்திரிகைமேல் அவதூறு வழக்குப் போட்டு 1970 ஒக்ரோபரில் மிலானோவில் விசாரணை தொடங்கியபோது, கூண்டில் நின்றது பால்தெல்லி. பசோலினிக்கும் பெயர் கொடுத்ததால் வழக்கு வந்தது. அவர்கள் பெரிய பெயர்கள், பின்னால் ஆள் இருந்தது. இரண்டு வருடம் சம்பளத்துக்கு எழுதி பூப்ளிச்சிஸ்தா (பகுதிநேரப் பத்திரிகையாளர்) அட்டை எடுத்த பிள்ளைக்குப் பின்னால் யார்?

குற்றவியல் சட்டத்தின் 57ஆம் பிரிவை ஒருக்கால் எடுத்து வாசி. எழுதியவர் செய்த குற்றத்தைத் தடுக்கும்படி மேற்பார்வை செய்யாமல் விட்டதே பொறுப்பாசிரியரின் குற்றம். தண்டனை எழுதியவருக்கு உள்ளதுதான், குறைத்தாலும் மூன்றில் ஒன்றுக்கு மேல் குறையாது. அச்சு வழி அவதூறுக்கு 595ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம், அல்லது 516 யூரோவுக்குக் குறையாத தண்டம். சிறையைக் கட்டாயமாக்கிய பழைய பிரிவை அரசியலமைப்பு நீதிமன்றம் 2021இல் நீக்கிவிட்டது, அதனால் மறியல் பயம் பெரிதில்லை. பயம் காசில். நஷ்டஈட்டுக்கு உரிமையாளரும் வெளியீட்டாளரும் எழுதியவரோடு சேர்ந்து பொறுப்பு. உரிமையாளர் ஒரு சங்கம், அதன் கணக்கில் அடுத்த இதழுக்கே காசில்லை என்றால், மாதச் சம்பளம் உள்ள ஆளைத்தான் பிடிப்பார்கள். ஐந்திலொரு பங்குவரை மாதாமாதம் வெட்டலாம். உனக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் வருகிறது.

வழக்கு எங்கேயிருந்து வரும் என்பதையும் சொல்கிறேன். பெரிய கட்டுரையிலிருந்து வருவது குறைவு, அதைப் பத்துப் பேர் பார்த்திருப்பார்கள். தலைப்பிலும், படத்துக்குக் கீழே போடுகிற வரியிலும், பெயரில்லாத அரைப்பக்கத்திலும்தான் சிக்கும். 1984இல் உச்ச நீதிமன்றம் மூன்று அளவுகோல் வைத்தது: செய்தி உண்மையா, பொதுமக்களுக்குத் தெரியவேண்டியதா, சொன்ன விதத்தில் நிதானம் உண்டா. ஒரு சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டு நக்கலடிப்பது, இரண்டு உண்மையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசகரை மூன்றாவதை நினைக்கவைப்பது, இவையும் அவதூறாகலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. அந்த அரைப்பக்கத்தில் தோட்டத்து முதலாளியை ‘கொடைவள்ளல்’ என்று குறிக்குள் போட்டு, அடுத்த வரியில் தீப்பிடித்த கூடாரத்தைப் பற்றி எழுதியிருக்கிறது. அதை அச்சுக்கு முன் நீ பார்த்தாயா என்று நான் கேட்கவில்லை.

பார்த்ததற்கு ஆதாரம் வைத்துக்கொள். எல்லாப் பக்கமும், தலைப்பும் படவரியும் சேர்த்து, கடைசிப் பிரதி உன்ர கைக்கு வந்து, நீ மின்னஞ்சலில் சரி என்று எழுதிய பிறகுதான் அச்சகத்துக்குப் போகவேண்டும். இரவு பதினொரு மணிக்கு ஒரு பத்தியை மாற்றினால் அந்தப் பக்கம் திரும்ப உன்னிடம் வரவேண்டும். பெயரில்லாமல் எதுவும் போடாதே. மறுப்புக் கடிதம் வந்தால் கோபப்பட்டு வைத்திருக்காதே. 1948இன் அச்சுச் சட்டத்து 8ஆம் பிரிவின்படி அது கிடைத்த கிழமைக்குப் பிறகு வருகிற இரண்டாவது இதழுக்குள், செய்தி வந்த அதே பக்கத்தில் போடவேண்டும். உங்கட சஞ்சிகையின் பெக் (சட்டவலு உள்ள மின்னஞ்சல்) பெட்டியை யார் திறந்து பார்க்கிறார்கள்? குற்றமுறைப்பாடு கொடுக்க அவையளுக்கு மூன்று மாதம் உண்டு, நஷ்டஈடு கேட்க ஐந்து வருடம்.

நீ விலகினாலும் உன்ர காலத்து இதழ்கள் உன்ர பெயரில்தான் நிற்கும். விலகுகிற நாளில் பதினைந்து நாளுக்குள் நீதிமன்றத்தில் மாற்றத்தைப் பதியச்சொல்லி, முத்திரை குத்திய பிரதியை வாங்கி வைத்துக்கொள். பதிவோம் என்று வாயால் சொன்னால் போதாது.

சஞ்சிகையே வேண்டாம் என்று நான் சொல்கிறேன் என்று நினைக்காதே. ஃபாப்ரோ வீதி 6ஆம் இலக்கத்தைத் தாண்டித்தானே நடக்கிறாய். அங்கே இருந்த எழுத்தாளன் பியேரோ கொபெத்தி 1922இல் ‘ரிவொலூசியோனே லிபெராலே’ இதழைத் தொடங்கியபோது இருபது வயது. அவன்ர வாழ்க்கையைக் கடினமாக்கு என்று முசோலினி 1924இல் தொரீனோ ஆளுநருக்குத் தந்தி அடித்தார். இதழ்களைப் பறித்தார்கள், வீட்டு வாசலில் வைத்து அடித்தார்கள், 1925 நவம்பரில் நிறுத்தவைத்தார்கள். அடுத்த பெப்ரவரியில் பாரிசில் செத்தபோது இருபத்துநாலு. ஆனால் அது அவன் எழுதி, அவன் தெரிந்தெடுத்து, அவன் பெயரில் வந்த சஞ்சிகை. மற்றவன் எழுதின நக்கலுக்கு அவன் கையெழுத்து வைக்கவில்லை. ‘மிக்ரோமேகா’ சஞ்சிகையைப் பார். 2020 முடிவில் நிறுவனம் கைவிட, ஆசிரியரே எடுத்து அடுத்த வருடம் சந்தாக்காரரை நம்பி நடத்தினார். இருவருக்கும் தாங்கள் எதற்குள் காலை வைக்கிறோம் என்று தெரியும்.

உங்கட ஆக்களிடம் ஒரு தாளில் எழுதி வாங்கு: சட்டத்தரணிச் செலவு சங்கத்துடையது, காப்புறுதி இன்ன நிறுவனத்தில் இன்ன தொகைக்கு, கடைசிப் பிரதியை நிறுத்துகிற உரிமை உன்னுடையது. சிநேகிதர்களிடம் எப்படிக் கேட்பது என்று யோசிப்பாய். சிநேகிதர் என்றால் கையெழுத்து வைப்பார்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் நான் எழுதினதெல்லாம் வீண், சந்தோசம்.

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. மிளகாய்த்தூள் திங்கட்கிழமை தபாலில் போகும். சாப்பாட்டை விடாதே. பதில் எழுத நேரமில்லையென்றால், அந்தத் தாளை மட்டும் படமெடுத்து அனுப்பு.

அப்பா