பெருநாளுக்கு மறுநாள்: எமது ஒழுங்கை நலன்புரிச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, ஒழுங்கையின் பெரியவர்களே, அக்காமாரே, அண்ணாமாரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

போன பொதுக்கூட்டத்தில் செயலாளர் பொறுப்பை என்னிடம் தந்தபோது எனக்குத் தயக்கம் இருந்தது. திருகோணமலையில் கோட்டை வாசலுக்கும் டச்பே கடற்கரைக்கும் இடையில் பிறந்து வளர்ந்தவர்கள் இத்தனை பேர் இருக்கிறீர்கள். 2021இல் நியமனம் கிடைத்து, மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பகுதியான பொகவந்தலாவையில் இருந்து வந்து வாடகை வீட்டில் குடியேறிய நான் இந்த ஊரைப் பற்றி அறிக்கை எழுதலாமா என்று கேட்டேன். "வந்த ஆளுக்குத்தான் பிள்ளை எல்லாம் கண்ணில படும். எங்களுக்குப் பழகிப் போச்சு" என்றார் எமது போஷகர் ஐயா. அவர் சொல்லை நம்பித்தான் எழுதியிருக்கிறேன். வழக்கமான விபரங்களோடு நான் கண்டதும் யோசித்ததும் இதில் கலந்திருக்கும். பொறுத்துக் கேளுங்கள்.

நிர்வாக சபை நவம்பர் தவிர்ந்த எல்லா மாதங்களிலும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். தெருவிளக்குகள் இரண்டு திருத்தப்பட்டன, ஒன்று இன்னும் எரியவில்லை.

இனி மார்ச் மாதத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு சங்கம் செய்த பெரும்பாலான வேலைகள் அந்த மாதத்தில் நடந்த ஒன்றிலிருந்துதான் தொடங்கின.

மார்ச் 8ஆம் திகதி மகா சிவராத்திரி. அதை அடுத்துத் திருக்கோணேஸ்வர ஆலயத்துக் கோணேசப் பெருமான் நகர்வலம் வந்தார். நான் வளர்ந்த தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குத் தேர் கட்டுவோம், மாசியில் காமன் கூத்து ஆடுவோம். கொண்டாட்டத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் மற்றைய நாட்களில் லீவு என்றால் பேர் இல்லாத நாள். அம்மா கொழுந்துக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. லயத்து வாசலை நாங்கள் கூட்டுவோம். வாசலைத் தாண்டிப் போகும் பாதையும் தண்ணீர் ஓடும் கானும் தோட்டத்துக்குச் சொந்தம், அதைத் தோட்டம்தான் பார்க்க வேண்டும் என்றே பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தோடு வந்த எனக்கு, நகர்வலத்தன்று பின்னேரம் இங்கே கண்டது புதுமையாக இருந்தது. மூலை வீட்டு அக்கா தன் படலையைத் தாண்டி, வீதியின் முழு அகலத்தையும் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டில் ஆள் இல்லை என்று அந்த வாசலையும் கூட்டினார். பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் தெளித்தார். "இது வீதிதானே அக்கா, இவ்வளவு தூரம் ஏன்?" என்று கேட்டேன். "சாமி வாற வீதி" என்றார். அவ்வளவுதான் பதில்.

ஒவ்வொரு வாசலிலும் கோலம், நிறைகுடம், குத்துவிளக்கு. சங்கத்தின் தண்ணீர்ப் பந்தலில் தம்பிமார் மோரும் சர்பத்தும் ஊற்றிக் கொடுத்தார்கள். சுவாமி வர நேரம் சென்றது. காத்திருந்த நேரத்தில் எதிர் வீட்டு அம்மம்மா, 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து விக்கிரகங்கள் வெளிப்பட்ட கதையைச் சொன்னார். அப்போது அவர் சின்னப் பிள்ளை. தகப்பனார் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாராம். சனத்தின் தலைகள்தான் தெரிந்தன, சாமியைத் தெரியவில்லை என்று இன்னும் குறைப்பட்டுக்கொள்கிறார். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து அந்தக் கற்களாலேயே கோட்டையைக் கட்டினார்கள் என்று நான் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். முன்னூறு வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்த தெய்வம் தன் வாசலுக்கு வரப் போகிறது என்று ஒரு வயதான அம்மா சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு எழும்பி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

சரி, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. மறுநாள் காலை நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஐந்தரை மணி இருக்கும். கோட்டைப் பக்கமிருந்து வழக்கம்போல மான்கள் வந்திருந்தன. பெட்டை மான் ஒன்று எங்கள் படலைக்கு முன்னால் நின்று எதையோ மென்றுகொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் லஞ்ச் சீட். முதல் நாள் அன்னதானப் பார்சல் சுற்றிய பொலித்தீன் தாள். குழம்பின் உப்பு அதில் ஊறியிருந்திருக்க வேண்டும். பாதி வாய்க்குள் போய்விட்டது, பாதி வெளியே தொங்கியது. போஷகர் ஐயா சத்தம் போடாமல் வந்து வாழைப்பழத் தோல் ஒன்றை நீட்டினார். மான் அவர் கையையே பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது. வெளியே தொங்கிய துண்டு கிழிந்து விழுந்தது. உள்ளே போனது போனதுதான். இப்படித் தின்று செத்த மான்களின் வயிற்றில் பொலித்தீன் உருண்டையாகத் திரண்டு கிடக்கும் என்று ஐயா சொன்னார். ஒழுங்கை முழுக்கக் கோப்பைகள், லஞ்ச் சீட், வெற்றுப் போத்தல்கள். சாமி வருகிறார் என்று முதல் நாள் அத்தனை கழுவிய வீதி.

அந்த மாதக் கூட்டத்தில் நான் ஒன்றுதான் கேட்டேன். பெருநாளுக்கு முதல் நாள் வேலை செய்ய எல்லா வீட்டிலும் ஆள் இருக்கிறது. மறுநாள் காலைக்கு யார்? நீண்ட நேரம் கதைத்தோம். கடைசியில் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, சங்கம் கொடுக்கும் எந்தச் சாப்பாடும் இனி லஞ்ச் சீட்டில் இல்லை. மற்றது, எந்தப் பெருநாளாக இருந்தாலும் மறுநாள் காலை ஆறு மணிக்கு வீட்டுக்கு ஒருவர் வாசலுக்கு வர வேண்டும்.

முதல் தீர்மானத்துக்கு வழி சொன்னவர் தம்பலகாமத்தில் இருந்து மணம் முடித்து வந்த அண்ணி. அவருடைய ஊர்ப் பக்கத்துக் குளங்களில் இருந்து தாமரை இலை வந்தது. சோற்றுச் சூட்டில் இலை வாடும்போது வரும் வாசம் எனக்குப் புதிது. நாங்கள் வாழையிலை கண்டவர்கள், தாமரை இலையில் தண்ணீர் நிற்காது என்பதைப் பழமொழியில்தான் அறிவோம். குழம்பும் அப்படித்தான் உருண்டு ஓடும் என்பதால் சோற்றுக்கு நடுவில் குழி செய்து ஊற்ற வேண்டும் என்று அண்ணி காட்டித் தந்தார். மான் தின்றாலும் பயமில்லை.

ஏப்ரல் மாதத்தை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது. நோன்புப் பெருநாளும் குரோதி வருஷப் பிறப்பும் ஒரே கிழமைக்குள் வந்தன. மார்ச் நடுவில் இருந்தே பின்வீதி முஸ்லிம் குடும்பங்களிடமிருந்து நோன்புக் கஞ்சி வந்துகொண்டிருந்தது. பெருநாளன்று வட்டிலப்பம். ஏப்ரல் 13 இரவு வருஷம் பிறந்தது. கோயிலில் இருந்து மருத்துநீர் எடுத்து வந்து எங்கள் வீட்டுக்கும் தந்தார்கள். அடுத்த நாள் இங்கிருந்து முறுக்கும் பயற்றம் பணியாரமும் பின்வீதிக்குப் போயின. எங்களுக்கு இங்கே சொந்தம் என்று ஒருவரும் இல்லை. ஆனாலும் என் மகளுக்குக் கைவிசேடம் கொடுக்க ஐந்து வீடுகளில் கூப்பிட்டார்கள். வெற்றிலையில் வைத்துக் கொடுத்த காசை அவள் இன்னும் செலவழிக்கவில்லை. மறுநாள் காலைத் துப்புரவுக்குப் பின்வீதிப் பிள்ளைகளும் வந்தார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

மே 23 வெசாக். பிரதான வீதியில் சிங்களக் குடும்பங்கள் நடத்திய தன்சலுக்கு, அதாவது இலவச அன்னதானப் பந்தலுக்கு, எமது தம்பிமார் தண்ணீர் சுமந்து கொடுத்தார்கள். வெசாக் கூடுகளின் தாளும் மூங்கிலும் அடுத்த கிழமை சேர்ந்தே அகற்றப்பட்டன. ஓகஸ்ட் 4 ஆடி அமாவாசைத் தீர்த்தத்தின் பின் கடற்கரையைத் துப்புரவு செய்தோம். வந்தவர்கள் குறைவு, வெயில் கடுமை.

ஒக்டோபரில் நவராத்திரிக் கும்பம். மற்ற ஊர்களில் நவராத்திரி என்றால் பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி பூசை, அவல், கடலை. திருகோணமலையில் இளைஞர்கள் மால் என்ற தற்காலிகக் கொட்டகை போட்டு, அதற்குள் கும்பம் வைத்து, இரவிரவாக விழித்திருக்கிறார்கள். வேப்பிலையும் பூவும் சேர்த்துக் கட்டிய கும்பத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீதியில் ஆடி வரும்போது முதல் வருடம் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இந்த வருடம் தம்பி ஒருவன் கும்பம் கட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வேப்பங் கொத்துகளை ஒரே அளவில் வெட்டி, அடியில் இருந்து சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டு வந்தான். ஒரு சுற்றுத் தளர்ந்தால் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி தொடங்கினான். பகலில் சைக்கிள் கடையில் வேலை செய்கிற பிள்ளை அவன். ஒன்பது நாளும் மச்ச மாமிசம் தொடவில்லை.

ஒலிபெருக்கி பற்றி முறைப்பாடு வந்தது உண்மை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளின் பக்கம் அது நியாயமானது. இளைஞர்களைக் கூப்பிட்டுப் பேசினோம். இரவு பத்து மணிக்குப் பிறகு ஒலிபெருக்கியை நிறுத்தி, உடுக்கையும் பறையையும் மட்டும் வைத்துக்கொள்ள அவர்களே ஒத்துக்கொண்டார்கள். என் அபிப்பிராயத்தில் அப்புறம்தான் கும்பத்தின் அழகு முழுவதும் தெரிந்தது. காலடிச் சத்தமும் கேட்டது.

இப்போது சங்கத்தின் தவறொன்றைச் சொல்ல வேண்டும். மாரி மழைக்கு முன் ஒழுங்கைக் கானைச் சிரமதானமாகத் துப்புரவு செய்வதென்று ஓகஸ்டில் தீர்மானித்தோம். செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல் என்று ஒத்திவைத்தோம். ஒக்டோபரில் நவராத்திரி, பிறகு தீபாவளி, நவம்பர் நடுவில் பாராளுமன்றத் தேர்தல். நவம்பர் கடைசி வாரம் மழை கொட்டியது. கான் நிரம்பி இரண்டு வீடுகளுக்குள் தண்ணீர் போனது. எதிர் வீட்டு அம்மம்மாவின் கட்டிலைக் கல் வைத்து உயர்த்தி, அவரைத் தூக்கி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மழை விட்டதும் தம்பிமார் கானுக்குள் இறங்கினார்கள். சேற்றோடு வெளியே வந்தவற்றில் யோகட் கோப்பை, சொப்பிங் பை எல்லாம் இருந்தன. அடைப்பின் அடியில் ஒன்றுக்குள் ஒன்று செருகியபடி இளஞ்சிவப்புப் பிளாஸ்ரிக் கோப்பைகள் அடுக்காக இருந்தன. சிவராத்திரிக்கு எமது தண்ணீர்ப் பந்தலில் சர்பத் ஊற்றிக் கொடுத்த கோப்பைகள். நாங்கள் வாங்கியவை. அந்த இரண்டு வீட்டாரிடமும் சங்கத்தின் சார்பில் இந்தச் சபையில் மன்னிப்புக் கேட்கிறேன்.

டிசம்பர் 26ஆம் திகதி நாட்காட்டியில் விடுமுறை இல்லை. நான் வந்த முதல் வருடம் அன்று வேலைக்குப் புறப்பட்டபோது ஒழுங்கை வழமையை விட அமைதியாக இருந்தது. காரணம் எனக்கு விளங்கவில்லை. சுனாமி வந்தபோது நான் மலையில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளை, அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவள். இந்த வருடம் இருபது ஆண்டு நிறைவு. காலை 9.25க்கு எல்லோரும் கடற்கரையில் நின்று மௌனம் காத்தோம். மௌனம் முடிந்த பிறகும் மூலை வீட்டு அக்கா தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். கையில் இருந்த விளக்கு காற்றில் மூன்று தரம் அணைந்தது. நான்காவது தரம் மணலில் குழி தோண்டி அதற்குள் வைத்து ஏற்றினார். அவருடைய வீட்டில் நடந்ததை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கூட நின்றேன். பிறகு இருவரும் வீட்டுக்கு நடந்து வந்தோம். வரும் வழியில் மணலில் கிடந்த போத்தல் ஒன்றை அவர் குனிந்து எடுத்துக்கொண்டார்.

செய்யாமல் விட்டவை: பெரியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யும் வேலை தொடங்கவில்லை. அம்மம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, இதை இனியும் தள்ளக் கூடாது. மான்களுக்குப் பிளாஸ்ரிக் பையோடு தீன் போட வேண்டாம் என்று மூன்று மொழியிலும் பலகை வைக்கும் வேலையும் நின்றுபோயுள்ளது. எழுதித் தர ஆள் இருக்கிறார், மரம் வேண்டும்.

புதிய நிர்வாக சபைக்கு இரண்டு பிரேரணைகள் வைக்கிறேன். தண்ணீர்ப் பந்தலுக்கு சில்வர் டம்ளர்கள் வாங்க வேண்டும். கழுவுவதற்கு ஆள் வேண்டும் என்று சொல்வீர்கள், முதல் பெயராக என்னுடையதை எழுதிக்கொள்ளுங்கள். கான் துப்புரவு செப்டெம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டும், எதற்காகவும் ஒத்திவைக்கக் கூடாது. கும்ப மால் போடும் தம்பிமாரிடம் கதைத்துவிட்டேன். கான் துப்புரவான பிறகுதான் மாலுக்குக் கம்பு நடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கூட்டத்துக்குக் கதிரை தந்தவர்களுக்கும், வருடம் முழுவதும் மறுநாள் காலைகளில் தேநீர் ஊற்றித் தந்த மூன்று வீட்டாருக்கும் சங்கத்தின் நன்றி.

கடைசியாக ஓர் அறிவித்தல். ஏப்ரல் மாதத்துத் தட்டுகள் இரண்டு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. ஒன்றின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பிறை போட்டிருக்கிறது, மற்றதில் 'க' என்று எழுதியிருக்கிறது. இரண்டையும் பணியாரத்தோடு கொண்டுவந்து வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். உரியவர்கள் போகும்போது எடுத்துக்கொள்ளவும்.

செயலாளர்