வாசித்தவர் பெயர் எங்கே? பழைய சோல் பதிவுகளின் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

யுனிவர்சல், வார்னர், சோனி, கான்கார்டு நிறுவனங்களில் பழைய பதிவுகளைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கும், அவர்களிடம் உரிமம் வாங்கி சோல் இசைத்தட்டுகளை மறுபடி அச்சிடும் சிறு கம்பெனிகளுக்கும்,

வணக்கம்.

1960களில் அமெரிக்காவில் வந்த ஏழு அங்குல சோல் (அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் வளர்த்த பாட்டிசை) தட்டு ஏதாவது ஒன்றை எடுத்து அதன் நடு லேபிளைப் படித்துப் பாருங்கள். பாட்டின் பெயர், பாடியவர் பெயர், அடைப்புக்குறிக்குள் பாட்டை எழுதியவர்கள், பதிப்புரிமைக் கம்பெனி (டெட்ராய்ட்டின் மோட்டவுன் கம்பெனித் தட்டென்றால் பெரும்பாலும் ஜோபெட்), தயாரிப்பாளர், தட்டின் எண், பாட்டு ஓடும் நிமிடமும் விநாடியும்கூட இருக்கும். டிரம்ஸ் அடித்தவர் பெயர் இருக்காது. பேஸ் கிட்டார் வாசித்தவர், கிட்டார் வாசித்தவர், பின்னால் நின்று சேர்ந்து பாடிய பெண்கள், யார் பெயரும் இருக்காது.

இடம் போதவில்லை என்று சொல்லாதீர்கள். விநாடிக்கு இடம் இருந்தது. யாருக்குக் காசு போய்ச் சேரவேண்டுமோ அவர்கள் பெயர் லேபிளில் ஏறியது, அவ்வளவுதான். தட்டு விற்க விற்க எழுதியவருக்கும் பதிப்பகத்துக்கும் பங்கு போகவேண்டும். பெயர் தெரியாமல் அதைச் செய்ய முடியாது. வாசித்தவர்களுக்கு மூன்று மணி நேர செஷனுக்கு (ஒலிப்பதிவு அமர்வுக்கு) இவ்வளவு என்று இசைக்கலைஞர் சங்கம் நிர்ணயித்த கூலி. மோட்டவுனில் சிலருக்கு வாரச் சம்பளமும் இருந்தது. எப்படியிருந்தாலும் கொடுத்ததோடு கணக்கு தீர்ந்தது. கணக்கு தீர்ந்தவர் பெயரை லேபிளில் அச்சிட யாருக்கும் தேவை இருக்கவில்லை.

அறுபது வருஷம் கழித்து அதே லேபிளை அப்படியே நகலெடுத்து, கனமான வினைலில் அச்சிட்டு, எங்களிடம் விற்கிறீர்கள். நாங்களும் வாங்குகிறோம். சென்னையிலும் லண்டனிலும் டொராண்டோவிலும் இந்தத் தட்டுகளை வாங்கும் தமிழர்கள் இருக்கிறோம். நான் அவர்களில் ஒருவன். உங்களில் யாரும் இதைத் தமிழில் படிக்கப் போவதில்லை என்பது தெரிந்துதான் எழுதுகிறேன். வாங்குகிறவர்கள் படிப்பார்கள், அவர்கள் உங்களைக் கேட்பார்கள்.

முதலில் தட்டு சேகரிக்கும் எங்கள் கூட்டத்தைப் பற்றியே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. இங்கிலாந்தின் வடக்கில், மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல் கிளப்பிலும் பிறகு 1973 முதல் 1981 வரை விகன் கசினோ நடன அரங்கிலும் விடியவிடிய ஆடியவர்கள்தான் அரிய சோல் தட்டுகளுக்கு இன்றைய மதிப்பை உண்டாக்கினார்கள். அமெரிக்காவில் யாரும் சீந்தாமல் கிடங்குகளில் கிடந்த தட்டுகளைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார்கள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. நல்ல தட்டு கிடைத்த டீஜே அதன் லேபிளின் மேல் வேறு காகிதம் ஒட்டி, பொய்யாக ஒரு பாடகர் பெயரும் பாட்டுப் பெயரும் வைத்துவிடுவார். போட்டிக்காரன் கண்டுபிடித்துவிடக்கூடாது என்பதற்காக. இருந்த ஒரே பெயரையும் மறைத்து விளையாடிய கூட்டம் எங்களுடையது. அந்த விளையாட்டின் சுவாரஸ்யத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பாடியவர் பெயரே போனபின் டிரம்ஸ் அடித்தவரைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்?

அந்த உலகின் உச்சம் ஃபிராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ (இண்டீட் ஐ டூ)'. 1965-இல் மோட்டவுனின் துணை லேபிளான (தட்டு வெளியிடும் கம்பெனியையும் லேபிள் என்பார்கள்) 'சோல்' 35019 என்ற எண்ணில் விளம்பரப் பிரதிகளை அச்சிட்டு, விற்பனைக்கு விடாமலே நிறுத்திவிட்டது. வில்சன் பாடுவதை விட்டுவிட்டுத் தயாரிப்பாளராகி, பிற்பாடு எடி கென்ட்ரிக்ஸ் போன்றவர்களை வைத்துப் பெரிய வெற்றிகள் கண்டார். தப்பிப் பிழைத்த பிரதிகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். 2009-இல் ஒரு பிரதி 25,742 பவுண்டுக்குப் போனது. 2020-இல் ஒரு லட்சம் பவுண்டுக்கு விற்றதாகச் செய்தி வந்தது. அந்தத் தட்டு எத்தனை பேர் கை மாறியது, யாரிடமிருந்து யாருக்கு எந்த வருஷம் போனது என்று சொல்ல எங்களில் பத்துப் பேர் இருக்கிறார்கள். அதைத் தூக்கி நிறுத்தும் டிரம்ஸை அடித்தது யார் என்று கேளுங்கள். லேபிள் அதைச் சொல்வதில்லை.

இனி உங்கள் பக்கம்.

டெட்ராய்ட், வெஸ்ட் கிராண்ட் பொலிவார்ட், 2648-ஆம் எண் வீடு. பெரி கார்டி 1959-இல் தொடங்கிய மோட்டவுன் கம்பெனி. வீட்டின் பின்பக்கத்து ஸ்டூடியோவை வாசித்தவர்கள் ஸ்னேக்பிட் என்றே அழைத்தார்கள். பகலிலும் இரவிலும் அங்கே அடைந்துகிடந்து வாசித்த குழுவுக்கு ஃபங்க் பிரதர்ஸ் என்று பெயர்: பென்னி பெஞ்சமின், ஏர்ல் வான் டைக், ராபர்ட் வைட், எடி வில்லிஸ், ஜோ மெஸ்ஸினா, ஜாக் ஆஷ்ஃபோர்டு, யூரியல் ஜோன்ஸ், ரிச்சர்டு 'பிஸ்டல்' ஆலன், இன்னும் பலர். பேஸில் ஜேம்ஸ் ஜேமர்சன். பல சமயம் தாங்கள் வாசிப்பது எந்தப் பாட்டுக்கு, யார் பாடப்போகிறார் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. முதலில் தாளக்கட்டு பதிவாகும், குரல் பிறகு வரும். ஒரே பின்னணியில் ஒன்றுக்கு மேற்பட்ட பாடகர்களைப் பாடவைத்ததும் உண்டு.

ஜேமர்சனைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் என்னால் நகர முடியாது. டபுள் பேஸில் பழகி, ஃபெண்டர் பிரிசிஷன் என்ற மின் பேஸ் கிட்டாருக்கு வந்தவர். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டுவார். தட்டையாகச் சுற்றப்பட்ட அதன் கம்பிகளை அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். பழைய கம்பியின் அந்த மங்கிய, உருண்ட சத்தம் அதிலிருந்து வருவது. பாடகர் நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது அடியில் இவர் முன்னால் ஓடி, ஒதுங்கி நின்று, எதிர்பாராத சுரத்தில் கால் வைத்து, சரியான இடத்தில் வந்து சேர்ந்துவிடுவார். அந்த வரிகளை மட்டும் தனியாகக் கேட்டால் அதுவே ஒரு பாட்டு. மோட்டவுன் ஆல்பம் ஒன்றின் அட்டையில் இந்தக் குழுவின் பெயர்கள் முதல்முறையாக அச்சானது 1971-இல், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில். கம்பெனி தொடங்கிப் பன்னிரண்டு வருஷம் கழித்து. பென்னி பெஞ்சமின் 1969-லேயே இறந்துவிட்டார். அந்த ஆல்பம் வந்த அடுத்த வருஷமே, 1972-இல், மோட்டவுன் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது. 1983-இல் கம்பெனியின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா தொலைக்காட்சிக்காகப் படமானபோது, ஜேமர்சன் டிக்கெட் வாங்கிப் பால்கனியில் உட்கார்ந்து பார்த்தார். அதே வருஷம் ஆகஸ்டில் போய்விட்டார், 47 வயதில்.

பெயர் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு உதாரணம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸின் கரோல் கே பெரிய பேஸ் கலைஞர், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஸ்டீவி வொண்டரின் 'ஐ வாஸ் மேட் டு லவ் ஹர்' உள்படச் சில மோட்டவுன் பாடல்களில் வாசித்தது தான்தான் என்று அவர் பல காலம் சொல்லிவந்தார். ஜேமர்சன் பக்கத்தவர்கள் இல்லவே இல்லை என்றார்கள். மோட்டவுன் லாஸ் ஏஞ்சலஸிலும் பதிவு செய்தது உண்மை என்பதால் சண்டை இன்னும் சிக்கலானது. இரண்டு நல்ல கலைஞர்களின் பெயரில் ரசிகர்கள் வருஷக்கணக்கில் கட்சி கட்டி அடித்துக்கொண்டார்கள். லேபிளில் ஒரு வரி இருந்திருந்தால் இந்தக் கூத்துக்கே இடமில்லை.

சம்பளம் போதாமல் ஃபங்க் பிரதர்ஸ் இரவில் வெளியே போய் வாசித்த தட்டுகள்தான் எங்களைப் போன்றவர்களுக்குப் புதையல். 1965-இல் ரிக்-டிக் லேபிளில் எட்வின் ஸ்டாரின் 'ஏஜென்ட் டபுள்-ஓ சோல்', 1966-இல் கேப்பிடல்ஸின் 'கூல் ஜெர்க்', 1967-இல் சிகாகோவில் பதிவான ஜாக்கி வில்சனின் 'ஹையர் அண்ட் ஹையர்', எல்லாவற்றிலும் டெட்ராய்ட் ஆட்கள். வெளியே வாசித்தால் மோட்டவுன் அபராதம் போடும் என்பதால் இங்கே பெயர் போடாதது அவர்கள் விருப்பமாகவும் இருந்திருக்கும். இன்று அபராதம் போட யாரும் இல்லை, இப்போது போடலாம்.

மெம்ஃபிஸின் கதை கொஞ்சம் தேவலாம். மெக்லெமோர் அவென்யூவில் பழைய சினிமா கொட்டகையில் இயங்கிய ஸ்டாக்ஸ் கம்பெனியில் வாசித்தவர்களுக்கு, 1962-இல் 'க்ரீன் ஆனியன்ஸ்' ஓடியதால், புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ் என்று ஊரறிந்த பெயர் கிடைத்துவிட்டது. அலபாமாவின் மஸ்ஸில் ஷோல்ஸ் ஊர் ஸ்டூடியோக்களில் வாசித்தவர்களுக்கும் பிற்பாடு நல்ல பெயர் வந்தது.

எனக்கு அதிகம் உறுத்துவது ஆண்டான்டேஸ். ஜாக்கி ஹிக்ஸ், மார்லீன் பாரோ, லூவெய்ன் டெம்ப்ஸ். மோட்டவுனின் ஆஸ்தான பின்னணிப் பாடகிகள், எண்ணற்ற தட்டுகளில் இருக்கிறார்கள். 1968-இல் வந்த 'லவ் சைல்டு' தட்டில் 'டயானா ராஸ் அண்ட் தி சுப்ரீம்ஸ்' என்று போட்டிருக்கும். சுப்ரீம்ஸ் மூன்று பெண்களின் குழு. ஆனால் இங்கே டயானா ராஸுக்குப் பின்னால் பாடுவது மற்ற இரண்டு சுப்ரீம்களும் இல்லை, ஆண்டான்டேஸ். அதாவது இங்கே பெயர் விடுபட்டதோடு நிற்கவில்லை, இவர்கள் குரலுக்கு வேறு இருவர் பெயர் போயிருக்கிறது. வயலின்கள் இன்னும் மோசம்: டெட்ராய்ட் சிம்பொனியின் கார்டன் ஸ்டேப்பிள்ஸும் அவருடன் வந்தவர்களும் வாசித்தது 'ஸ்ட்ரிங்ஸ்' என்ற ஒற்றைச் சொல்லாகக்கூட லேபிளுக்கு வரவில்லை.

இதெல்லாம் பழைய கதை, இப்போது தோண்டி என்ன என்று கேட்கலாம். இப்போது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2018 அக்டோபரில் அமெரிக்காவில் நிறைவேறிய இசை நவீனமயச் சட்டம், 1972 பிப்ரவரி 15-க்கு முந்தைய பதிவுகளையும் மத்தியச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. செயற்கைக்கோள் வானொலி, இணைய வானொலி போன்றவற்றில் அவை ஒலித்தால் இப்போது ராயல்டி உண்டு. அந்தப் பணத்தில் 50 சதவீதம் பதிவின் உரிமையாளருக்கு, அதாவது உங்களுக்கு. 45 சதவீதம் பாடியவருக்கு. 2.5 சதவீதம் வாசித்தவர்களுக்கு, இன்னொரு 2.5 சதவீதம் பின்னணி பாடியவர்களுக்கு. கேட்கிறவரே பாட்டைத் தேர்ந்தெடுக்கும் ஸ்ட்ரீமிங்குக்கு இந்தப் பங்கீடு பொருந்தாது என்பது வேறு வயிற்றெரிச்சல். கடைசி ஐந்து சதவீதத்தை அமெரிக்க இசைக்கலைஞர் சங்கமும் நடிகர்களும் பாடகர்களும் சேர்ந்த சாக்-ஆஃப்ட்ரா சங்கமும் சேர்ந்து வைத்திருக்கும் நிதியம் பகிர்கிறது. இறந்தவரென்றால் வாரிசுகளுக்குப் போகும். கொடுப்பதற்கு முன்னால் நிதியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பாட்டில் வாசித்தது யார்?

லேபிளில் பெயர் இல்லாததற்கு அன்று சொல்லக்கூடிய ஒரே காரணம், கொடுக்கவேண்டிய பாக்கி இல்லை என்பது. இன்று பாக்கி இருக்கிறது.

அந்தப் பெயர்கள் உங்களிடம் இருக்கின்றன. சங்க விதிப்படி நடந்த ஒவ்வொரு செஷனுக்கும் ஒப்பந்தத் தாள் ஒன்று நிரப்பப்பட்டது. தேதி, ஸ்டூடியோ, நேரம், பாட்டுகள், வாசித்த ஒவ்வொருவர் பெயரும் அவருக்கான கூலியும் ஓய்வூதியப் பங்கும் அதில் உண்டு. ஒரு பிரதி சங்கத்துக்கு, ஒன்று கம்பெனிக்கு. நாங்கள் கேட்பது அந்தத் தாள்களை ஸ்கேன் செய்து பொதுவில் வையுங்கள் என்பதே. வீட்டு முகவரியும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் அதில் இருப்பதால் வெளியிட முடியாது என்று உங்கள் வக்கீல்கள் சொல்வார்கள். அந்தக் கட்டங்களை மட்டும் கறுப்படித்துவிட்டு மற்றதை வையுங்கள்.

தாள்கள் முழு உண்மையைச் சொல்லிவிடும் என்று நான் நினைக்கவில்லை. மோட்டவுனின் ஆரம்ப வருஷங்களில் பல செஷன்கள் சங்கத்துக்குத் தெரியாமல் நடந்தவை. ஒருவர் பெயரில் இன்னொருவர் வாசித்ததும் நடக்கும். அதனால் தாளோடு, இன்னும் உயிரோடிருப்பவர்களின் நினைவையும் பதிவு செய்யவேண்டும். இரண்டும் முரண்பட்டால் முரண்பாட்டையும் அப்படியே அச்சிடுங்கள், நாங்கள் தாங்கிக்கொள்வோம். தள்ளிப்போடவும் முடியாது. 2008 ஜூனில் ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகம் தீப்பிடித்தபோது ஒலிநாடாக் கிடங்கும் எரிந்தது. எவ்வளவு போனது என்பதில் இன்றைக்கும் தகராறு தீரவில்லை. காந்த நாடாவுக்கு நேர்ந்தது காகிதத்துக்கு நேராது என்று யார் உறுதி சொல்வார்?

சிறு கம்பெனிகளில் சிலர் இதை ஏற்கெனவே செய்கிறார்கள். லண்டனின் கென்ட், சிகாகோவின் நியூமரோ போன்றவர்கள் வீடு வீடாகத் தேடிப்போய், மூடிப்போன லேபிள்களின் ஆட்களிடம் பேசி, புத்தகம்போல குறிப்பெழுதித் தட்டோடு தருகிறார்கள். உங்களிடம் இருக்கும் வசதியில் நூற்றில் ஒரு பங்கு அவர்களிடம் இல்லை. ஆகவே ஆள் பலம் இல்லை என்ற பதில் வேண்டாம்.

ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு நீங்கள் அனுப்பும் தரவுக் கோப்பில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் வாசித்தவர் பெயரைக் குறிப்பிட இடம் இருக்கிறது. டிடிஇஎக்ஸ் என்று இசைத்துறை முழுவதும் ஒத்துக்கொண்ட வடிவம் அது. பழைய சோல் பாட்டுகளில் அந்த இடத்தை நிரப்ப ஆரம்பியுங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், 'லவ் சைல்டு'. அந்த மூன்று பெயர்களைக் கண்டுபிடிக்க நீங்கள் கிடங்குக்குக்கூடப் போகவேண்டாம், மேலேயே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஏழு அங்குலத் தட்டு சேகரிக்கும் ஒருவன்