மோகன் நகரில் பாட்டி கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்பெனி ஊர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஜாம்ஷெட்பூர், பிலாய், நெய்வேலி என்று விரிவாக எழுதிவிட்டு எங்கள் சேலம் இரும்பாலைக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். சரி, இடம் அவ்வளவுதான் இருந்திருக்கும். ஆனால் ஊரைத் திட்டம் போட்டுக் கட்டியதால் அங்கிருந்தவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம்போல வாழ்ந்தார்கள் என்று அந்தப் பத்தியை முடித்திருந்தீர்களே, அதுதான் எனக்கு ஒட்டவில்லை. 1983-ல் கல்யாணமான கையோடு ஆலையின் டவுன்ஷிப்பான மோகன் நகர் குவாட்டர்ஸுக்கு வந்தவள் நான். 2012-ல் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகும்வரை அங்கேதான் இருந்தோம். குடும்பம் என்றால் அதில் ஒரு பாட்டியாவது இருக்க வேண்டாமா? எங்கள் தெருவில் பாட்டியே கிடையாது.

ஊர் வந்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கட்டுரையில் அதுவும் விட்டுப்போயிருக்கிறது. 1967 ஜூலை 23-ஐ எழுச்சி நாளாகக் கொண்டாடச் சொன்னார் அண்ணா. சேலத்துக்கு உருக்காலை வேண்டும், சேதுக் கால்வாய் வேண்டும் என்று தமிழ்நாடு முழுக்கக் கேட்ட நாள் அது. நாமக்கல்லில் நடந்த கூட்டத்துக்கு என் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனாராம். எனக்கு நினைவில்லை, அவர் சொல்லிச் சொல்லிப் பதிந்துவிட்டது. 1970 செப்டம்பர் 16-ல் இந்திரா காந்தி வந்து அடிக்கல் நாட்டினார். கஞ்சமலையில் இருக்கிற இரும்புக் கல்லை எடுத்து, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு உருக்குவது என்பதுதான் முதலில் இருந்த யோசனை. ஆலை ஓடத் தொடங்கிய 1981-க்குள் எல்லாமே மாறிவிட்டது. வெளியிலிருந்து வரும் எஃகுச் சுருளை வாங்கி, மெல்லிய எவர்சில்வர் தகடாக உருட்டித் தருகிற மில்லாக அது நின்றது. மலையை யாரும் தொடவில்லை. சூடாக உருட்டுகிற மில் 1995-லும், எஃகையே உருக்குகிற பிரிவு 2010-லும்தான் வந்தன. பலகையில் 'உருக்காலை', டவுன் பஸ்ஸில் 'இரும்பாலை'. "இரும்பும் கிடையாது, உருக்குறதும் கிடையாது, ஆனா சம்பளம் மட்டும் கரெக்டா வருது" என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

மோகன் நகரின் பெயரும் பாதிப் பேருக்குத் தெரியாது. மோகன் குமாரமங்கலம் மத்திய எஃகு, சுரங்கத் துறை அமைச்சராக இருந்தவர். திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பம். அவருடைய அப்பா சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. மோகன் 1973 மே 31-ல் டெல்லிக்கு அருகே நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். டவுன்ஷிப்புக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

இனி பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். புது ஆலைக்குப் புது ஆட்களை எடுத்தார்கள். எங்கள் தெருவில் ஆண்களுக்கு இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து வயது. ரூர்கேலா, பொகாரோ ஆலைகளில் இருந்து மாற்றலாகி வந்த ஓரிருவர்தான் கொஞ்சம் மூத்தவர்கள். பெண்கள் எல்லோரும் என்னைப்போல் இருபதைத் தாண்டியவர்கள். இடப்பக்கம் ஒரு வங்காளிப் பெண், வலப்பக்கம் ஸ்ரீகாகுளத்துத் தெலுங்குப் பெண். மாமியார் இல்லாத ஊர் என்று முதல் ஆறு மாதம் நாங்கள் ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை. அப்புறம் தெருவில் வரிசையாக ஐந்து பேர் உண்டானோம். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

என் மூத்தவள் பிறந்து நாற்பது நாள் இருக்கும். பிரசவம் முடிந்து அம்மா வீட்டில் இருந்து அப்போதுதான் வந்திருந்தேன். வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட். குழந்தை பன்னிரண்டு மணிக்கு வீறிட்டு அழ ஆரம்பித்தது, நிறுத்தவே இல்லை. வங்காளிப் பெண் ஓடிவந்தாள், தெலுங்குப் பெண்ணும் வந்தாள். மூன்று பேரும் மூன்று பாஷையில் தாலாட்டினோம். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவது என்று முடிவு செய்து வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் கீரைக்காரம்மா வந்தார். பக்கத்து ஊர்க்காரர். தினமும் ஆறு மணிக்கெல்லாம் கூடையோடு வந்துவிடுவார். கூடையை இறக்கிவைத்துவிட்டுக் குழந்தையின் வயிற்றில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "காத்து கட்டியிருக்குது கண்ணு, வேற ஒண்ணுமில்ல" என்றார். விளக்கெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு வெற்றிலையில் எண்ணெயைத் தடவி, விளக்கில் காட்டி வாட்டி, தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத் தொப்புளுக்கு மேலே போட்டார். பத்து நிமிடத்தில் குழந்தை தூங்கிவிட்டது. இதையெல்லாம் இன்றைக்கு டாக்டர்கள் ஒத்துக்கொள்வார்களா தெரியாது. அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்றிலிருந்து அவர்தான் எங்கள் தெருவுக்குப் பெரியமனுஷி. பல் முளைக்கவில்லை, பால் சுரக்கவில்லை, மாசமாயிருக்கிறவளுக்கு வாந்தி நிற்கவில்லை, எது என்றாலும் காலை ஆறு மணிக்குக் காத்திருப்போம். அவர் பேச்சை வங்காளிப் பெண் எப்படிப் புரிந்துகொண்டாளோ, "கண்ணு" என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள். அமாவாசைக்குச் சித்தர் கோயிலுக்கு எங்களைக் கூட்டிப்போனதும் அவர்தான். ரெண்டு வருஷம் கஞ்சமலையை வாசலில் நின்று பார்த்திருக்கிறோமே தவிர, அடிவாரத்தில் அப்படி ஒரு கோயிலும் கூட்டமும் இருப்பது எங்களுக்குத் தெரியாது.

அடுத்ததாகச் சொல்லப்போவதைத்தான் உங்கள் கட்டுரையில் தேடினேன். பின்பக்கத் தோட்டத்தில் முருங்கைப் போத்து ஒன்று நட்டேன், பட்டுப்போனது. அதே குழியில் இன்னொன்று வைத்தேன், அதுவும் காய்ந்தது. மண் சரியில்லை என்று கீரைக்காரம்மாவிடம் புலம்பினேன். அவர் பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "அங்க வெச்சா வராது கண்ணு. கெணத்த மூடுன எடம். உள்ள பூராவும் கல்லு" என்றார். பத்தடி தள்ளிச் சுவரோரமாக ஓரிடத்தைக் காலால் காட்டி, "இங்க வையி, இங்க வரும்" என்றார். யாருடைய கிணறு என்று கேட்டேன். "எங்க மாமனார் வெட்டுனது" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டார். அன்றைக்கு இரண்டு கட்டு அரைக்கீரை வாங்கினேன், பேரம் பேச வாய் வரவில்லை.

ஆலைக்கும் டவுன்ஷிப்புக்குமாகச் சுற்றிலும் உள்ள ஊர்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை எடுத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரியும், ஏதோ பேப்பரில் படித்த மாதிரி. நான் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு கிணறு மூடிக் கிடக்கிறது என்று அதுவரை தோன்றவில்லை. அவருக்கு வருத்தம் இருந்ததா என்றால், இருந்திருக்கும். எங்களிடம் ஒருநாளும் காட்டியதில்லை. முருங்கை அவர் சொன்ன இடத்தில் வந்தது, தெருவுக்கே கீரை கொடுத்தது.

ஒரே குடும்பம் என்று எழுதியதில் இன்னொரு இடமும் இடிக்கிறது. ஜாதி கேட்காத ஊர் என்பது பெருமளவு உண்மை. வாடகைக்கு வீடு தேடும்போது சேலம் டவுனில் கேட்கிற கேள்விகளை அங்கே யாரும் கேட்கவில்லை, அலாட்மென்ட் ஆர்டரில் எந்த வீடு போட்டிருக்கிறதோ அதுதான் வீடு. ஆனால் அதற்குப் பதிலாக "நீங்க எந்த டைப்?" என்ற கேள்வி இருந்தது. குவாட்டர்ஸ் டைப்பைச் சொன்னால் வீட்டுக்காரர் என்ன கிரேடு, என்ன சம்பளம் என்று எதிரில் இருப்பவர் கணக்குப் போட்டுவிடுவார். நவராத்திரி கொலுவுக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்பதுகூட அதை ஒட்டித்தான் நடந்தது. எல்லாக் கம்பெனி ஊரிலும் உள்ளதுதான். பிள்ளைகள் மட்டும் கிரவுண்டில் ஒன்றாக விளையாடிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு யார் நன்றாகப் பௌலிங் போடுகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

2019-ல் ஆலையைத் தனியாருக்கு விற்க டெண்டர் விட்டபோது தொழிலாளிகள் குடும்பத்தோடு போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். நாங்கள் வெளியே வந்து ஏழு வருஷம் ஆகியும் நானும் போய் ஒருநாள் உட்கார்ந்தேன். பந்தலில் என்னைப்போல் நரைத்த தலைகள் நிறைய. ரிட்டயர் ஆனால் குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பதால் ஊருக்குள் கிழவிகள் ஆகாமல், வெளியே வந்து கிழவிகள் ஆனவர்கள். இளம் பெண்களிடம், குழந்தைக்கு வயிறு உப்பினால் யாரைக் கேட்கிறீர்கள் என்று விசாரித்தேன். ஒருத்தி செல்போனைக் காட்டிச் சிரித்தாள்.

ஆசிரியரே, கட்டுரைக்கு அடுத்த பகுதி வரும் என்று போட்டிருந்ததால் எழுதுகிறேன். வாசகர்களிடம் பழைய போட்டோக்கள் கேட்டிருந்தீர்கள். என்னிடம் ஒன்பது இருக்கின்றன. காலனி பொங்கல், பிள்ளைகளின் ஸ்போர்ட்ஸ் டே, மூத்தவளின் முதல் பிறந்தநாள் எல்லாம் உண்டு. கீரைக்காரம்மாவை யாரும் தனியாகப் படம் எடுக்கவில்லை, எடுக்கத் தோன்றவும் இல்லை. பிறந்தநாள் படத்தில் கேக்குக்குப் பின்னால் வாசல் கதவு பாதி திறந்திருக்கிறது. நிலைப்படிக்கு வெளியே அவருடைய கூடையின் விளிம்பும் அதன்மேல் ஈரத்துணியும் தெரிகின்றன. அதைப் போடுவதாக இருந்தால் ஓரத்தை வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
மோகன் நகரின் முன்னாள் குடியிருப்பாளர்,
சேலம்