காய்ச்சல் எத்தனையாவது நாள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த நானோ சென்சார் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். குறைந்த விலையில் டெங்குவைக் காட்டும் காகிதப் பட்டை வரட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் 'இனி ஆய்வகமும் வேண்டாம், ஆளும் வேண்டாம்' என்று முடித்திருந்தீர்களே, அந்த வரி இன்னும் உறுத்துகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 26 வருடம் ரத்தம் எடுத்தவன் நான்.

நானோ எங்களுக்குப் புதிதல்ல. பல டெங்கு பரிசோதனை கார்டுகளில் விழும் சிவப்புக் கோடே தங்க நானோ துகள், அதாவது கண்ணுக்கே தெரியாத பொடித் தங்கம்தான். தங்களுக்குத் தெரியாததல்ல. கோடு விழுந்ததா என்று யாரும் பார்த்துவிடலாம். காய்ச்சல் வந்து எத்தனை நாள் என்று கேட்க ஆள் வேண்டும். டெங்கு வைரஸின் புரதமான என்.எஸ்.1 ரத்தத்தில் முதல் நாலைந்து நாட்களில்தான் நன்றாகத் தெரியும், அப்புறம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளான ஐ.ஜி.எம். பார்க்க வேண்டும். 2017இல் என் அக்கா மகளுக்கு ஒரு தனியார் லேபில் ஆறாம் நாள் என்.எஸ்.1 மட்டும் பார்த்து 'நெகட்டிவ்' என்று சீட்டு கொடுத்தார்கள். டெங்கு இல்லை என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். அன்று சாயங்காலமே ஈறில் ரத்தம். பெரியாஸ்பத்திரியில் சேர்த்து ஒன்பது நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தாள்.

2020இல் டெல்லி விஞ்ஞானிகளின் ஃபெலூடா என்ற கொரோனா பரிசோதனைப் பட்டையைப் பற்றியும் இப்படித்தான் எழுதினீர்கள். மாதிரியிலிருந்து வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, பி.சி.ஆர். இயந்திரத்தில் பெருக்கிய பிறகுதான் அந்தப் பட்டைக்கே வேலை. அது உங்கள் செய்தியில் இல்லை. அப்போதும் கடிதம் போட்டேன், வெளியாகவில்லை. அந்த நாட்களில் பி.பி.இ. உடைக்குள் வியர்த்து வழிய ஊர் ஊராகப் போய் மூக்கில் குச்சி விட்டவர்கள் நாங்கள். என்னோடு நின்ற இரண்டு பிள்ளைகள் இன்றைக்கும் ஒப்பந்த ஊழியர்கள்தான். அவர்களும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள், ஐயா.

டெங்கு கார்டுப் பெட்டியில் 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று அச்சடித்திருக்கும். நான் வேலை பார்த்த இடத்தில் ஸ்டோர் அறைக்கு ஓட்டுக்கூரை. மே மாதத்தில் பெட்டியைத் தொட்டாலே சுடும். மின்விசிறி கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தேன்.

சரி, கேட்பது இதுதான். அடுத்த முறை இப்படி ஒரு கண்டுபிடிப்பைப் போடும்போது, எத்தனை நோயாளிகளின் ரத்தத்தில், காய்ச்சலின் எத்தனையாவது நாளில், என்ன வெப்பத்தில் சோதித்தார்கள் என்று விஞ்ஞானிகளிடம் கேட்டுப் போடுங்கள். மூன்று வரிக்கு மேல் ஆகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
விழுப்புரம் மாவட்டம்