பெருங்காயத்துக்குள் இருக்கும் கோதுமையையும் எழுதுங்கள்: பொடி, ஊறுகாய், அப்பளத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் சாம்பார்ப்பொடி, ரசப்பொடி, இட்லிப்பொடி, ஊறுகாய், அப்பளம், முறுக்கு முதலியவற்றைத் தயாரித்து விற்கும் மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

உங்களில் ஒருவருடைய வாடிக்கையாளர் சேவை எண்ணை அண்மையில் அழைத்து, ரசப்பொடியில் நீங்கள் சேர்க்கும் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கிறதா என்று கேட்டேன். எதிர்முனையில் இருந்த பெண் மிகுந்த மரியாதையோடு, "பெருங்காயம்தாங்க மேடம் போடுறோம், கோதுமையெல்லாம் போடுறதில்லை" என்றார். அந்தப் பெருங்காயத்தையே எந்த மாவில் கூட்டியிருக்கிறார்கள் என்று நான் விடாமல் கேட்டபோது, "பெருங்காயத்துல எதுக்கு மேடம் மாவு?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். அவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. சமையல் தெரிந்த பெரும்பாலோருக்கும் அது தெரியாது. ஆனால் மூட்டை மூட்டையாகப் பெருங்காயம் வாங்கி அரைக்கிற உங்களுக்குத் தெரியும். இந்த மடல் தெரிந்தவர்களுக்கு எழுதப்படுவது.

ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருகிற அசல் பிசினை அப்படியே குழம்பில் போட முடியாது, அதன் நெடி அவ்வளவு கடுமையானது என்பதும், அதனால்தான் அதைக் கருவேலம்பிசினோடும் மாவோடும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாக்கி விற்கிறார்கள் என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. சாராயத்தில் கரையும் பகுதி, அதாவது அசல் பிசின் இருப்பதைக் காட்டும் பகுதி, 5 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும் என்று உணவுத் தர விதியே இடம் கொடுக்கிறது. ஆக, நாங்கள் தாளிப்பில் கிள்ளிப் போடுவதில் பெரும்பங்கு மாவும் கருவேலம்பிசினும்தான். அந்த மாவு சிலரிடம் அரிசி மாவு, பலரிடம் கோதுமை மாவு அல்லது மைதா. பெருங்காய டப்பாவைத் தனியாக வாங்கினால் அதன் பின்புறத்தில் இது எழுதியிருக்கும். அதே பெருங்காயம் உங்கள் ரசப்பொடிக்குள் நுழைந்துவிட்டால் மட்டும் மாவு மறைந்து, 'பெருங்காயம்' என்ற ஒற்றைச் சொல் மிஞ்சுகிறது.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்குச் சீலியாக் நோய் இருக்கிறது. கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், என் உடலின் எதிர்ப்பாற்றல் என் சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சிக்கொள்ள அங்கே மயிர்க்கால்களைப் போல் நிற்கிற உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். இதற்கு மருந்து கிடையாது. குளூட்டனை ஆயுள் முழுக்கத் தவிர்ப்பது ஒன்றே சிகிச்சை.

நோயைக் கண்டுபிடிப்பதற்குள் என் இளமையில் பாதி போய்விட்டது. சீலியாக் என்றால் ஓயாத வயிற்றுப்போக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அது இல்லை. இருந்ததெல்லாம் ரத்தசோகை, ஆறி ஆறித் திரும்பும் வாய்ப்புண், மாலையானால் உப்பிக்கொள்ளும் வயிறு, மாடிப்படி ஏறினால் வாங்கும் மூச்சு, கொத்துக் கொத்தாக உதிரும் முடி. பெண்களுக்கு இது சகஜம் என்றார்கள். முருங்கைக்கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு என்றார்கள். இரும்புச்சத்து மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கியும் ஹீமோகுளோபின் எட்டை ஒட்டியே நின்றது. ஊசி போட்டால் ஏறும், சில மாதங்களில் மறுபடியும் இறங்கும். இரும்பு உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். இந்த நோய் முதலில் சிதைப்பதும் அதே இடத்தைத்தான். உறிஞ்ச வேண்டிய இடம் பழுதாகிக் கிடக்கும்போது கீரையைக் கூடை கூடையாகத் தின்று என்ன பயன்? கடைசியில் ஒரு மருத்துவர் வாய்ப்புண்ணையும் ரத்தசோகையையும் சேர்த்து யோசித்து, சீலியாக்கைக் காட்டிக்கொடுக்கும் டி.டி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புரதமே சிலருக்குக் குறைவாக இருக்கும், அப்படியானால் முடிவு பொய்த்துவிடும் என்று அதையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். எண்டோஸ்கோப்பி முடிகிறவரை கோதுமையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் குடல் தேறத் தொடங்கி நோய் கண்ணில் படாமல் போய்விடும் என்றும் கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார். சிறுகுடலிலிருந்து எடுத்த சதைத் துணுக்குகள் நோயை உறுதி செய்தன. பிறகு பார்த்தால் இரும்பு மட்டுமா குறைவு? ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, துத்தநாகம் எல்லாமே அடிமட்டத்தில் இருந்தன. எலும்பின் அடர்த்தி என் வயதுக்கு இருக்க வேண்டிய அளவில் இல்லை.

சோறு தின்கிற ஊரில் உனக்கென்ன கவலை என்று எல்லோரும் தேற்றினார்கள். நானும் சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கட், பிரெட் அத்தனையையும் ஒழித்தேன். குளூட்டன் நின்றால் டி.டி.ஜி. அளவு படிப்படியாக இறங்கி இயல்புக்கு வர வேண்டும். எனக்கு ஓரளவு இறங்கிவிட்டு அங்கேயே நின்றுகொண்டது. எங்கிருந்தோ கோதுமை உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்றார் மருத்துவர். அவர் அனுப்பிய உணவியல் ஆலோசகர், சமையலறையில் இருக்கும் பொட்டலங்கள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொன்னார். மேசை மேல் அவற்றைப் பரப்பி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றையும் கண்ணருகே வைத்துப் படித்தார். சாம்பார்ப்பொடி: பெருங்காயம். ரசப்பொடி: பெருங்காயம். எலுமிச்சை ஊறுகாய்: பெருங்காயம். உளுந்தப்பளம்: பெருங்காயம். பருப்புப்பொடியின் உட்பொருள் பட்டியல் பொட்டலத்தை ஒட்டிய மடிப்புக்குள் போயிருந்ததால் கத்தரிக்கோலால் வெட்டிப் பிரித்துப் படிக்க வேண்டியிருந்தது, அதிலும் பெருங்காயம். எதிலும் கோதுமை என்ற சொல் இல்லை. எல்லாவற்றையும் ஓர் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, "இதில் எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று எனக்கும் தெரியாது, அதனால் எதுவும் வேண்டாம்" என்றார். படித்த, அனுபவமுள்ள, இதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கே உங்கள் பொட்டலத்தைப் படித்து ஒரு முடிவுக்கு வர முடியவில்லை என்றால், காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு அவசரமாக ரசம் வைக்கும் ஒரு தாய் என்ன செய்வார்?

ஒரு சிட்டிகைதானே என்பீர்கள். சீலியாக் நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு வெறும் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதங்கள் கொடுத்துப் பார்த்த இத்தாலிய ஆய்வு ஒன்று 2007-இல் வெளிவந்தது. அந்த அளவே குடலுறிஞ்சிகளைச் சேதப்படுத்தப் போதுமானதாக இருந்தது. கோதுமை மாவின் எடையில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு குளூட்டன். அரை கிராம் மாவில், அதாவது கால் தேக்கரண்டிகூட வராத மாவில், 40 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். ஒரு வேளை ரசத்தில் ஒருவர் தட்டுக்கு அவ்வளவு வந்து சேராது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலையில் இட்லிப்பொடி, மதியம் சாம்பார், ரசம், தாளித்த மோர், ஊறுகாய், அப்பளம், மாலையில் தட்டை, இரவில் மீந்த சாம்பார் என்று ஒரு நாளைக்கு எத்தனை சிட்டிகை என்பதை நீங்களே கூட்டிப் பாருங்கள். பெருங்காயம் இல்லாத தமிழ்ச் சமையலை உங்களால் நினைத்துப் பார்க்க முடிகிறதா? முடியாது என்பதுதானே உங்கள் வியாபாரத்துக்கே அடிப்படை.

விதியை மீறவில்லை என்று உங்களில் சிலர் சொல்வதையும் அறிவேன். பல பொருள்களால் ஆன ஒரு சேர்க்கை, மொத்தத்தில் 5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அதன் உட்பொருள்களை விரித்து எழுத வேண்டியதில்லை என்ற சலுகை 2020-ஆம் ஆண்டின் பொட்டல விவர விதிகளில் இருக்கிறது. அதே விதிகளில், குளூட்டன் உள்ள தானியங்கள் ஓர் உணவில் இருந்தால் அதைத் தனியே அறிவிக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. சலுகை எழுதிய பக்கத்தைக் கவனமாகப் படித்த கண்களுக்குக் கடமை எழுதிய பக்கம் எப்படியோ தட்டுப்படவில்லை. நான் கேட்பது சலுகையை விட்டுக்கொடுங்கள் என்றல்ல. பெருங்காயம் என்று எழுதும் இடத்தில், அதற்குள் இருக்கும் கோதுமையையும் எழுதுங்கள் என்பதே.

இங்கே உங்களால் முடியாத இந்தக் காரியம் கடல் கடந்தால் முடிகிறது என்பதுதான் மனதை அறுக்கிறது. ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும் போகும் பொட்டலத்தில் கோதுமை இருந்தால், அது எவ்வளவு சிறிய அளவானாலும், உட்பொருள் பட்டியலில் எடுப்பாகத் தெரியும்படி அச்சிட்டாக வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அரிசி மாவில் கூட்டிய, குளூட்டன் இல்லாத பெருங்காயமும் அங்கே தாராளமாகக் கிடைக்கிறது. இலண்டனில் இருக்கும் என் அத்தை மகள் அங்கே வாங்கி, ஊருக்கு வரும்போது எனக்குக் கொண்டுவந்து தருகிறாள். இந்தியாவிலிருந்து போன பெருங்காயம் இலண்டன் பார்த்துவிட்டுத் திரும்பவும் திருச்சிக்கு வருகிறது. ஏற்றுமதிக்கு ஒரு குடல், உள்ளூருக்கு ஒரு குடல் என்று கடவுள் தனித்தனியாகப் படைத்திருக்கிறாரா என்ன?

இது வடநாட்டு நோய், இங்கே யாருக்கு வருகிறது என்ற பதிலும் எனக்குப் பழக்கமானதே. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளிலும் சேர்த்து 23,331 பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். வடக்கே நூற்றுக்கு 1.23 பேரின் ரத்தத்திலும் தெற்கே நூற்றுக்கு 0.10 பேரின் ரத்தத்திலும் இந்த நோயைக் காட்டும் எதிர்ப்புரதங்கள் இருந்தன. குறைவுதான். ஆனால் இந்த நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணுக்கள் வடக்கே 38 சதவீதத்தினரிடமும் தெற்கே 36 சதவீதத்தினரிடமும் இருந்தன, ஏறத்தாழ ஒன்றே. வேறுபட்டது தட்டில் விழும் கோதுமை: அங்கே சராசரியாக நாளுக்கு 455 கிராம், இங்கே 25 கிராம். சர்க்கரை நோய் வந்தால் இரவில் சப்பாத்தி, பள்ளி விட்டு வந்தால் நூடுல்ஸ், தெருவுக்குத் தெரு பரோட்டாக் கடை என்று ஆகிவிட்ட பிறகு அந்த 25 கிராம் இன்னும் எத்தனை நாளைக்கு 25 கிராமாகவே இருக்கும்? ஆயிரத்தில் ஒருவர் என்றே வைத்துக்கொண்டாலும் ஏழு கோடிப் பேர் வாழும் மாநிலத்தில் அது எத்தனை ஆயிரம் பேர் என்பதைக் கணக்குப் பிள்ளை வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களில் பெரும்பாலோர், நான் இருந்ததைப் போலவே, காரணம் தெரியாத ரத்தசோகையோடு கீரை தின்றுகொண்டிருப்பார்கள்.

அங்கன்வாடியில் தரும் சத்துமாவில் கோதுமை, பள்ளியில் காலைச் சிற்றுண்டியாக ரவை உப்புமாவும் சேமியாவும் என்று இருக்க, இந்த நோயுள்ள ஏழைக் குழந்தை எதைத் தின்னும் என்பதை அரசிடம் கேட்க வேண்டும். அதற்கு வேறு மடல் எழுதுகிறேன். கல்யாண வீட்டில், "ரசம்கூட வேண்டாமா? ரொம்பத்தான்" என்று முகத்தைச் சுளிக்கும் பெரியம்மாக்களுக்கு எந்த மடல் எழுதியும் பயனில்லை. உங்களிடம் எழுதுவதில்தான் பயன் உண்டு என்று நம்புகிறேன். ஏனெனில் நான் கேட்பதற்குப் புது இயந்திரம் வேண்டாம், ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம். அச்சுக்குப் போகும் உறையில் இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்தால் போதும்.

தயவுசெய்து ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். வம்பே வேண்டாம் என்று, இருக்கிற பொட்டலம் எல்லாவற்றிலும் 'கோதுமை கையாளப்படும் இடத்தில் தயாரிக்கப்பட்டது' என்று ஒரே வரியை அடித்துவிட்டுக் கைகழுவிவிடாதீர்கள். அது உங்களைக் காப்பாற்றும் வரி. எங்களுக்கு எதையும் சொல்லாத வரி. கலந்திருந்தால் கலந்திருக்கிறது என்றும், அரிசி மாவில் கூட்டியதென்றால் அப்படியே அரிசி மாவு என்றும் எழுதுங்கள்.

எனவே, 'பெருங்காயம் (கோதுமை மாவு உள்ளது)' என்று, தமிழில், மற்ற உட்பொருள்களுக்கு உள்ள அதே எழுத்தளவில், மடிப்புக்குள் போகாத இடத்தில் அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கையிருப்பில் உள்ள பழைய உறைகளை வீணாக்கச் சொல்லவில்லை; அடுத்த அச்சடிப்பில் சேர்த்தால் போதும். அதுவரை, உங்கள் சேவை எண்ணில் பேசும் அந்தப் பெண்ணிடமாவது பெருங்காயத்தில் என்ன மாவு இருக்கிறது என்பதைச் சொல்லி வையுங்கள். முடிந்தவர்கள், ஏற்றுமதிக்கு விற்கும் அரிசி மாவுப் பெருங்காயத்தை உள்ளூர்க் கடைக்கும் அனுப்புங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் வாங்குவதற்கு ஆள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பொடிகளை வாங்க விரும்பும் ஒரு நுகர்வோர்,
திருச்சிராப்பள்ளி.